நிற்கத் தெரிந்த கலம்

பத்தாந்தரப் பிள்ளைகளுக்குக் கலப்பிரிவு படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு கலம் இரண்டாவதற்கு முன் தனது டி.என்.ஏ.யை முழுமையாகப் பிரதி செய்துகொள்ள வேண்டும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழும்பினாள்.

“அதுல பழுது வந்தா என்ன நடக்கும், சேர்?”

“கலம் நிற்கும். திருத்தும். பிறகுதான் பிரியும்” என்றேன். சொல்லி முடித்ததும் உம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உம்மா சிறுவயதிலிருந்தே வெற்றிலை போடுபவர். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. எங்கள் மொனராகலைப் பக்கத்தில் சேனைக்குப் போகிறவர்களுக்கும் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கும் பசியை மறக்கச் செய்வது அதுதான். ஒருநாள், கறி வாயில் எரிகிறது என்றார். பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம். விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு அதன் பொருள் தெரியாமலில்லை. “ராத்தாட மகள்ட கலியாணம் முடியட்டும் மகன்” என்றார். “சரி உம்மா” என்றேன். கலியாணத்துக்குப் பின் நோன்பு வந்தது, பெருநாளுக்குப் பின் பரீட்சை வந்தது. மஹரகமைக்குக் கூட்டிப் போகும்போது ஏழு மாதங்கள் கழிந்திருந்தன.

நமது கலங்களுக்குள் ஒரு காவல் ஒழுங்கு உண்டு. டி.என்.ஏ. இழை அறுந்தால் ஏ.டி.எம். என்ற புரதம் அதை உணர்கிறது. அதன் தூண்டுதலால் பி53 என்ற புரதம் பெருகிப் பிரிவைத் தடுக்கிறது. திருத்த அவகாசம் கிடைக்கிறது. திருத்த முடியாதளவு பழுதடைந்த கலம் தானே மடிந்துபோவதும் உண்டு. பாக்கும் புகையிலையும் வருடக்கணக்காக வாயின் கலங்களைப் பழுதாக்குகின்றன. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. ஒருநாள் பழுது பி53 இன் பரம்பரையலகிலேயே விழுகிறது. அதன்பின் “நில்” என்று சொல்ல ஆளில்லை.

இதில் என்னை மிகவும் உலுக்கியது 1988 இல் டெட் வைனெர்ட், லீலண்ட் ஹார்ட்வெல் ஆகிய இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு. ராட்9 என்ற பரம்பரையலகு பழுதான மதுவக் கலங்கள் எக்ஸ் கதிர் பட்டதும் நிற்காமல் பிரிந்து மடிந்தன. அவற்றை ஒரு மருந்தால் சில மணிநேரம் வலிந்து நிறுத்தி வைத்தபோது, பிழைத்த கலங்களின் தொகை கூடியது. திருத்தும் ஆற்றல் அவற்றிடம் இருந்தே வந்திருக்கிறது. நிற்கத்தான் தெரியவில்லை. ஹார்ட்வெல்லுக்கு 2001 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அறிவில்லாத கலத்திடம் மனிதன் ஒழுக்கம் படிப்பதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கலம் நிற்பதில் அதற்கு எந்தப் பெருமையும் இல்லை. வேறு விதமாக நடக்க அதனால் இயலாது. நம்மால் இயலும். அதனால்தான் நிற்பதும் நிற்காததும் நமக்கு மட்டும் ஒழுக்கப் பிரச்சினையாகிறது.

அந்த ஏழு மாதங்களையும் நாங்கள் பொறுத்திருந்த காலமென்றே வீட்டில் சொல்லி வந்தோம். இப்போது அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. பொறுத்திருப்பவன் பழுதைத் திருத்துவதற்காகத் தன் காரியத்தை நிறுத்துகிறான். நாங்களோ எங்கள் காரியங்களுக்காகத் திருத்துவதை நிறுத்தி வைத்தோம். கலியாணம் குறித்த நாளில் நடந்தது, பரீட்சையும் நடந்தது. உம்மாவின் வாய்க்குள் அந்தக் கலங்களும் ஓயாமல் பிரிந்துகொண்டிருந்தன. விஷயம் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். “நில்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “சரி” என்று சொன்னவனும் நானே.

சத்திரசிகிச்சைக்குப் பின் உம்மா இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கஞ்சியும் குழையப் பிசைந்த சோறும்தான் ஆகாரம். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் பாரமாக இருக்கிறது.

மறுநாள் அந்த மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். “எங்கட உம்மம்மாட வாயிலயும் வெள்ளையா ஒன்டு இருக்கு சேர். அறுவடை முடிய காட்டுவம் எண்டு வாப்பா சொல்றார்.”

அன்று பின்னேரப் பாடங்களை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவளுடைய வாப்பாவைத் தேடி வயலுக்குப் போனேன்.