பொங்குமாங்கடலும் நரசிங்கப் பெருமாளும்

உத்ஸவம் ஸேவிக்க வந்திருக்கும் பாகவதோத்தமர்களே! உங்களிற் பலர் குற்றாலத்தில் நீராடிவிட்டே வந்திருப்பீர்கள். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் சிற்றாறு நேரே தலையில் விழுமானால் யார் நிற்கவல்லார்? நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த கற்குழியில் விழுந்து, தன் வேகத்தை அங்கே செலவிட்டு, பொங்கி வழிவதாலன்றோ பேரருவி நமக்கு நீராட்டமாகிறது! ஆற்றை யாரும் தடுக்கவில்லை. விழுவதற்கு ஓர் இடத்தை மலையே வைத்திருக்கிறது.

நம் இல்லத்து நடுவயது ஸ்திரீகளை முன்னிட்டே அடியேன் இதை விண்ணப்பிக்கிறேன். 45 முதல் 55 வயதுக்குள் பெரும்பாலோர்க்கு மாதவிலக்கு நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே உடலின் சுரப்புநீர்கள் ஏறியிறங்குகின்றன. முகத்தில் அனல் எழும், இரவில் வியர்க்கும், உறக்கம் கலையும். பெண்ணுக்கு வரன் தேடுவதும், படுக்கையிலிருக்கும் மாமியாருக்குப் பணிவிடையும் அப்போதுதான் வந்து சேரும். காப்பி ஆறிப்போயிற்று என்று ஒருவர் முனகினால் போதும், சுள்ளென்று ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. உடனே, பூமாதேவிபோல் பொறுமையாயிரு என்கிறோம். (அந்தப் பூமிப்பிராட்டியே பாரம் தாளாமல் முறையிட்டாள் என்று பாகவதம் சொல்வதை ஏனோ மறந்துவிடுகிறோம்.)

தென்காசிக்குக் கிழக்கே கீழப்பாவூரில், 16 திருக்கரங்களோடு நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார், எதிரே தெப்பக்குளம். இரணியன் மாண்ட பின்னும் அவர் சினம் தணியவில்லை. தேவர்கள் தூரத்தில் நின்று துதித்தார்கள். பிராட்டியும் அருகே செல்ல அஞ்சினாள். கோபம் தகாது என்று அவருக்கு உபதேசிக்க எவரும் முன்வரவில்லை. குழந்தை பிரஹ்லாதன் மெல்ல அருகே சென்று தண்டம் ஸமர்ப்பித்தான். பெருமாள் அவன் சிரஸில் திருக்கரத்தை வைத்தார்.

அம்மாமார்களே, சினம் எழும்போது முதலில் மூச்சைப் பாருங்கள். இழுப்பதைவிட விடுவது நீளும்படி, விடும் மூச்சில் திருநாமத்தை மெல்லச் சொல்லுங்கள். இதயத்துடிப்பு அதனால் தணியும் என்பதை வைத்தியர்களும் ஒப்புவர். பத்துமுறை சொன்ன பின்னும் சொல்ல வேண்டியது நெஞ்சில் மிஞ்சியிருந்தால், அதைச் சொல்லியே தீருங்கள். அதுவும் வழிந்தோட வேண்டிய நீர்தான். உறக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் செல்லக் கூச்சம் எதற்கு? தன்வந்திரியும் எம்பெருமானுடைய அவதாரமே.

புருஷர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உத்ஸவம் முடிந்து வீடு திரும்பியபின், ஓர் இரவில் அவள் உறக்கம் கலைந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கக் கூடும். தூரத்தில் நின்று காரணம் கேளாதீர்கள். ஒரு சொம்பு தண்ணீரோடு அருகே சென்று உட்காருங்கள்.