ஞாயிறு விடியலை யாருக்கும் கொடுக்காதே!

நேரமில்லை என்கிறாயா தம்பி? அதைச் சொல்லும் உரிமை உனக்கு நிறையவே இருக்கிறது. விடியும் முன்னே எழுந்து, தாராபுரத்தில் கம்பெனி வேனைப் பிடித்து, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளித் திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்காருகிறாய். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பும்போது தெருவே தூங்கியிருக்கிறது. ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் அந்தத் தூக்கமும் போச்சு. இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன்: 42.195 கிலோமீட்டர் உன்னால் ஓட முடியும்! மாரத்தான் வேலைவெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று உன் மனதில் எவரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அதை முதலில் அழி.

எமில் ஸாட்டோபெக் யார் தெரியுமா? கம்பெனித் தொழிலாளி. செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகரில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் பதின்ம வயதிலேயே வேலைக்குப் போனவர். நம் ஊர்க் கடைவீதிகளில் பெயர்ப்பலகை பார்க்கிறோமே, அதே பாட்டாதான். 1941இல் தொழிற்சாலை ஆட்கள் கட்டாயப்படுத்தியதால்தான் அவர் முதல் பந்தயமே ஓடினார். பிறகு ராணுவத்தில் இருந்தபோது வேலை முடிந்த இருட்டில், காலில் பூட்ஸ், கையில் டார்ச்சோடு ஓடிப் பழகினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் என எட்டே நாளில் மூன்று தங்கம். அந்த மாரத்தான் அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான்!

அது பழைய கதை என்று தள்ளுகிறாயா? ஜப்பானுக்கு வா. சைத்தாமா மாநில அரசு ஊழியர் யூகி கவாவுச்சி. பள்ளி அலுவலகத்தில் முழுநேர வேலை, மதியம் தொடங்கி இரவில் முடியும். அவருக்குச் சம்பளம் கொடுத்து ஓடவைக்க எந்தக் கம்பெனியும் இல்லை. மற்ற ஓட்டக்காரர்கள் ஒரு நாளில் இரண்டு முறை பயிற்சி எடுத்தபோது, அவருக்குக் கிடைத்தது வேலைக்குப் போகும் முன் ஒரே ஒரு வேளை. அந்த ஒரு வேளையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வார விடுமுறையில் பந்தயங்களுக்குப் போனார். பந்தயத்தையே நீண்ட பயிற்சியாக்கிக்கொண்டார். 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான். கொட்டும் மழை, எதிர்க்காற்று, எலும்பைத் துளைக்கும் குளிர். உலகின் பெரிய பெரிய தொழில்முறை வீரர்கள் பலர் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்த மனிதர் 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். 1987க்குப் பிறகு அங்கே வென்ற முதல் ஜப்பானிய ஆண் அவர்தான். வேலையை விட்டு முழுநேர ஓட்டக்காரராக அவர் மாறியது அதற்கு அடுத்த ஆண்டில்.

கால் தாங்குமா என்ற பயம் உனக்கு வரவே கூடாது. தைப்பூசத்துக்குத் திருப்பூரிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்களை நீ பார்க்காதவனா? தாராபுரம் வழியாகத்தானே போகிறார்கள்! சுமார் 80 கிலோமீட்டர். அதில் டைலர் உண்டு, டைலருக்கு உதவும் கைமடி உண்டு, அறுபது வயதுப் பாட்டி உண்டு. மாரத்தான் தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை நம் சனம் ஆண்டுதோறும் காலால் அளக்கிறது. சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் விபத்தில் கால்மூட்டு நொறுங்கியவர். ஐம்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். உன் மூட்டு நன்றாகத்தானே இருக்கிறது?

இனி வேலையைப் பேசுவோம். மாரத்தானுக்கு உயிர்நாடி வாரத்தில் ஒருநாள் ஓடும் நீண்ட ஓட்டம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்போது தசையில் சேமித்த சர்க்கரை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுகிறது. 30 கிலோமீட்டருக்கு மேல் பலர் சுருண்டு விழுவது பெரும்பாலும் இந்தப் பழக்கம் இல்லாததால்தான். வேகம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஓடுபவனிடம் முழு வாக்கியம் பேச முடியவேண்டும்; மூச்சிரைத்தால் வேகத்தைக் குறை. வாரத்தின் 168 மணி நேரத்தில் இது கேட்பது அதிகபட்சம் மூன்று மூன்றரை. எங்கிருந்து எடுப்பாய்? சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்ததும் அந்த இரவு எங்கே போகிறது என்று உன்னையே கேள். செல்போனிலும் டாஸ்மாக் வாசலிலும் கரையும் அந்த இரவை அறுத்தெறி! வீடு வந்ததும் படு. ஞாயிறு விடியலை உனக்கென்று பூட்டிவை.

ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் உடுமலை ரோட்டுப் பக்கமாகக் காற்றை எதிர்த்துப் போ. திரும்பும்போது அது உன் முதுகைத் தள்ளும். லாரி ஓடும் சாலையைவிட வாய்க்கால் மேடும் ஊர்களுக்கு இடையிலான சிறு தார்ச்சாலையும் நல்லது. சாலையில் ஓடினால் எதிரே வண்டி வரும் பக்கமாக ஓடு. வெயில் ஏறும் முன் முடி. உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ பாதி வழியில் குடி. ஷிப்மெண்ட் வாரம் வந்துவிட்டால் ஓட்டத்தை இரண்டாக உடை: சனிக்கிழமை திரும்பும்போது வேனிலிருந்து சில கிலோமீட்டர் முன்பே இறங்கி ஓடி வா, மீதியை ஞாயிறு காலை களைத்த காலோடு ஓடு. களைத்த காலில் ஓடுவதுதான் மாரத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குப் பயிற்சி. ஒரு வாரம் தவறிப்போனால் போகட்டும். அதை அடுத்த வாரத்தோடு கூட்டிக் காலை உடைத்துக்கொள்ளாதே. இரவு வேலை முடித்துத் தூங்காத கண்ணோடு ஓடவும் கூடாது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் டாக்டரைப் பார்.

தங்கச்சி, இதெல்லாம் அண்ணன்மாருக்கு மட்டும் என்று ஒதுங்காதே. பெண் உடம்பு தாங்காது என்று சொல்லிச் சொல்லியே 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே வைக்கவில்லை. வைத்த முதல் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வென்ற ஜோன் பெனாய்ட், தேர்வுப் போட்டிக்கு 17 நாள் முன்புதான் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இருட்டுப் பயம் நியாயமானது; அதற்காக ஓட்டத்தை விடாதே. செக்கிங் டேபிளில் பக்கத்தில் நிற்கும் நாலு பேரைச் சேர். பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை ஒருநாள் உன் வீட்டுக்காரர் வைக்கட்டும்! ஆறு நாள் நின்றே வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிற கால்களுக்கு அந்தச் சில மணி நேரம் கேட்க முழு உரிமை உண்டு.

கோவையில் ஆண்டுதோறும் அரை மாரத்தான் நடக்கிறது. சென்னையில் முழு மாரத்தான். முதலில் கோவை, அதற்கடுத்த ஆண்டு சென்னை. அவசரம் வேண்டாம். வாரநாளில் இரண்டு முறை இருபது நிமிடம். வரும் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நாற்பது நிமிடம், நடந்தும் ஓடியும். அடுத்த ஞாயிறு நாற்பத்தைந்து. மூன்று வாரம் கூட்டு, நாலாவது வாரம் குறை, மறுபடி கூட்டு. அலாரத்தை இப்போதே வை.