கதையில் வரும் பாதகன்



கர்த்தர் பிறந்த திருநாளுக்கு நம் பக்கத்தில் நாடகம் போட்டால் எரோது வேஷத்துக்குத்தான் போட்டி. பெரிய மீசை, உருட்டும் விழி, அதட்டும் குரல். அவன் மேடையேறினால் குழந்தைகள் சிரிக்கின்றன. பெத்லகேமில் வெட்டுண்ட குழந்தைகளின் சேதி அந்தச் சிரிப்பில் மறைந்துபோகிறது. பழைய கதை, போகட்டும் என்று விடலாம். ஆனால் மாண்டவர்களின் உறவினர் இன்னும் நம்மிடையே இருக்கும்போது, கொன்றவனைக் கதாபாத்திரமாக்குகிறவர் எப்படி எழுத வேண்டும்?

1968ம் வருஷம் டிசம்பர் 25ந் தேதி. நாம் பாலன் பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில், அப்போது தஞ்சை ஜில்லாவிலிருந்த கீழவெண்மணியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். அநேகர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் செய்த குற்றம் யாது? கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் உத்தமபாளையத்தாருக்கு அறுப்புக் கூலிப் பேச்சைப்பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இச்சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975ல் 'குருதிப்புனல்' என்ற நாவலை வெளியிட்டார். 1977ல் அதற்குச் சாகித்திய அக்காதெமி பரிசும் கிடைத்தது. அதில் வரும் நிலச்சுவான்தார் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அந்தக் குறையே அவருடைய கொடுமைக்கு வேராகக் காட்டப்படுகிறது. கூலிச் சண்டையை ஒருவனுடைய உடற்குறையாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கண்டித்தார்கள். ஆசிரியர்மேல் கெட்ட எண்ணம் கற்பிக்க எனக்கு மனமில்லை. அந்த நெருப்பை நாவலாக எழுதத் துணிந்ததே பெரிது. ஆயினும் கண்டனம் நியாயமென்றே தோன்றுகிறது. (அக்குறையுள்ளவர்கள் எத்தனையோ பேர் ஊருக்கு உபகாரிகளாக வாழ்கிறார்கள். அவர்களையும் நாம் நினைக்க வேண்டாமா?)

1973ல் சென்னை ஹைக்கோர்ட்டு மிராசுதார்களை விடுதலை செய்தது. காரும் நிலபுலன்களும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தீர்ப்பையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய மனிதன் இதைச் செய்யமாட்டான் என்கிறது ஒன்று. செய்தவன் மனக்கோளாறு பிடித்தவன் என்கிறது மற்றது. நோயற்ற, மரியாதையுள்ள, நம்மைப் போன்ற ஒருவன் நெல்லுக்காகவும் அதிகாரத்துக்காகவும் இதைச் செய்யக்கூடும் என்று ஒப்புக்கொள்ள இரண்டுக்கும் மனம் வரவில்லை.

கொலைகாரனைச் சாதாரண மனிதனாகக் காட்டினால் அவன்மேல் இரக்கம் பிறக்காதா என்று கேட்பீர்கள். பாவசங்கீர்த்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்காமற் செய்ததே பாவம். வியாதிதான் அவன் கையைப் பிடித்து நடத்தியதென்றால் அவனைக் குற்றஞ்சாட்ட என்ன இருக்கிறது? ஆகையால் அவனைப் பேயாகவோ நோயாளியாகவோ ஆக்குவதுதான் அவனைத் தப்பவிடும் வழி.

நம் வாலிபரில் எவராவது வெண்மணியை நாடகமாக எழுதப் புகுந்தால், மிராசுதாருக்கு மீசை ஒட்ட வேண்டாம். காலையில் கோயிலுக்குப் போகிறவனாக, பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிறவனாக, கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து நெற்கணக்குப் பார்க்கிறவனாக அவன் வரட்டும். பார்க்கிறவர்களில் இரண்டொருவருக்குத் தங்கள் களத்து மரக்கால் ஞாபகம் வரலாம். சாகிறவர்களுக்கும் பெயரும் பேச்சும் கொடுங்கள். நம் எரோது நாடகங்களில் அந்தக் குழந்தைகளின் தாய்மாருக்கு அழுவதைத் தவிர ஒரு வசனம்கூட எழுதப்படுவதில்லை.