ஓங்கிய கை நிற்குமா?



தர்மபுரி மாவட்டம் பொம்மிடிக்கு ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தோம். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டிய ஊர் அது. ஜும்ஆ முடிந்து, சுன்னத்தும் தொழுது எழுந்தபோது, ஒரு தகப்பனார் இரண்டு ஆண் மக்களோடு வந்து முஸாபஹா செய்தார். மூத்தவனுக்கு வயது 9. இளையவனுக்கு 5.

"ஹஸ்ரத், பெரியவனை ஆறு வயசுல கராத்தே வகுப்புல சேர்த்தேன். மூணு மாசம் ஆகலை, மதரஸாவுல கூட ஓதுற பையன் முகத்துல குத்திட்டான். அந்தப் பையனுக்கு ஒரு பல்லு போச்சு. நான் அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு மாப்பு கேட்டேன். அன்னைக்கே வகுப்பையும் நிறுத்திட்டேன். இப்ப சின்னவன் சிலம்பம் கத்துக்கணும்னு அழுவுறான். இவங்க அம்மா கூடவே கூடாதுங்கறாங்க. எங்க அத்தாவோ, ஆம்பளைப் பிள்ளைன்னா கம்பு பிடிக்கத் தெரியணும்ங்கறார். எந்த வயசுல சேர்க்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

நாம் மூத்தவனைப் பக்கத்தில் அழைத்து, "ஏன் தம்பி அடிச்சே?" என்று கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "என் தொப்பியைப் பறிச்சான் ஹஸ்ரத். கை தானா போயிடுச்சு" என்றான்.

கை தானாகப் போய்விட்டது! தகப்பனார் கேட்ட கேள்விக்கு விடை பிள்ளையின் வாயிலிருந்தே வந்துவிட்டது. தானாகப் போகிற கைக்கு வித்தை கற்றுக் கொடுக்கலாமா என்பதே இங்கே கேள்வி.

அருமைச் சகோதரர்களே! உடல் வலிமையை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. பலவீனமான முஃமினைவிட பலமுள்ள முஃமின் அல்லாஹ்வுக்கு அதிகப் பிரியமானவர் என்றும், இருவரிடத்திலும் நன்மை உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். அம்பெய்தலை ஊக்குவித்தார்கள். குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். நம் முன்னோர்களிலும் சிலம்பம் அறிந்தவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னே கம்பு சுழன்ற காட்சியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே அந்தப் பாட்டனாரின் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள், ஆட்களை வீழ்த்துகிறவன் வீரன் அல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்கிறவனே வீரன் என்ற கருத்தையும் போதித்தார்கள். சண்டை நேர்ந்துவிட்டாலும் முகத்தில் அடிக்காதீர்கள் என்று தடுத்தார்கள். வேடிக்கைக்காகக்கூட ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்றார்கள். பாட்டனாரின் ஆசை, தாயாரின் அச்சம் இரண்டுக்கும் நம் மார்க்கத்தில் இடம் உண்டு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இனி, தகுதி வந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625-இல், உஹதுக்குப் படை புறப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். ஆர்வத்தோடு வந்து நின்ற சிறுவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள். அப்போது வயது 14. பின்னர் அகழ்ப் போரின்போது 15 வயதினராக வந்தார்கள்; ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். இந்தச் செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சிறுவருக்கும் பெரியவருக்கும் எல்லை இதுவே என்று தம் அதிகாரிகளுக்கு எழுதினார்கள்.

அதே உஹதில் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அவர்களும் ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அவர்களும் முதலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ராஃபிஉ நன்றாக அம்பெய்வார் என்று சொல்லப்பட்டதும் அவருக்கு அனுமதி கிடைத்தது. "நான் ராஃபிஉவை மல்யுத்தத்தில் வீழ்த்துவேனே" என்ற பொருளில் ஸமுரா முறையிட, அவ்வாறே வீழ்த்திக் காட்டி அவரும் அனுமதி பெற்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அது போர்க்களம். நம் பிள்ளைகள் போவதோ உடற்பயிற்சிக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளையின் ஆசையை மட்டும் பார்த்து அனுமதிக்கவில்லை. வயதும் பார்க்கப்பட்டது, திறமையும் பார்க்கப்பட்டது. இன்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு நாளை வாசல் திறந்தே இருந்தது.

திருமறையில் ஸூரத்துன்னிஸாவின் 6-ஆம் வசனத்தையும் சிந்தியுங்கள். அநாதைகளின் சொத்தை அவர்கள் கையில் எப்போது கொடுப்பது? பருவம் அடையும்வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், அவர்களிடம் தெளிந்த அறிவைக் கண்டால் ஒப்படையுங்கள் என்பது அல்லாஹு தஆலாவின் கட்டளை. சொத்து ஓர் ஆற்றல். தவறான கையில் போனால் அழியும். அடிக்கும் வித்தையும் ஓர் ஆற்றல்தான். அதையும் சோதித்தே கொடுப்பது அறிவுடைமை.

அந்தச் சோதனைக்கு வாத்தியாரைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்யலாம்.

முதலாவது, விளையாட்டின் நடுவில் "நில்" என்றால் பிள்ளை நிற்கிறானா? ஓடும்போது, தம்பியோடு கட்டிப் புரளும்போது, ஒரு குரலுக்கு நிற்பவன் பயிற்சிக்கூடத்திலும் நிற்பான்.

இரண்டாவது, தோற்றால் என்ன செய்கிறான்? காயை வீசி எறிகிறானா, மறுபடியும் ஆட உட்காருகிறானா?

மூன்றாவது, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளிடமும் ஆடு, கோழி, பூனையிடமும் அவன் கை எப்படிப் போகிறது?

நான்காவது, ஆசை அவனுடையதா, நம்முடையதா? ஹஸ்ரத் இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைக்கட்டளையை நிறைவேற்றும் நேரத்திலும் தம் அருமை மகனிடம், உன் கருத்து என்ன என்று கேட்டதாகத் திருமறை கூறுகிறது. ஒரு வகுப்பில் சேர்க்க நாம் பிள்ளையைக் கேட்கக் கூடாதா?

வயது என்று பார்த்தால், தொழுகையை ஏவும்படி நமக்குச் சொல்லப்பட்ட வயது 7. கேரளத்துக் களரியிலும் ஏழு வயதில் சேர்ப்பதே பழைய மரபு. வரிசையில் நிற்கவும், சொன்னதைச் சொன்னபடி செய்யவும் பிள்ளை பழகுகிற வயது அது. அதற்கு முன் ஓடட்டும், குதிக்கட்டும், நீந்தப் பழகட்டும். சேர்ந்த பின்பும் சிலம்பமானால் காலடி முறை முதலில். எதிராளியோடு கம்பு மோதுவது வெகு நாள் கழித்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2016-இல் இதையொட்டியே ஆலோசனை கூறியது. ஒருவரையொருவர் தாக்காத பயிற்சியே பிள்ளைகளுக்கு ஏற்றது, திறமை நன்கு தேறிய பின்பே எதிராளியோடு மோத விடவேண்டும், எல்லாச் சண்டை முறைகளும் கலந்த போட்டிகள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம்.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீயை உதாரணம் காட்டுவோர் உண்டு. 1954-இல் சைக்கிள் திருடுபோன கோபத்தில், திருடனை உதைப்பேன் என்று ஒரு போலீஸ்காரரிடம் அவர் கொதித்தார். குத்துச்சண்டை கற்பித்துவந்த அந்தக் காவலர், முதலில் கற்றுக்கொள் என்று வழிகாட்டினார். அப்போது அவருக்கு வயது 12, ஐந்தல்ல. கோபத்தோடு வந்தவரைப் பயிற்சியின் பக்கம் திருப்பிவிட ஒரு பெரியவர் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே பிள்ளையைச் சோதிப்பதுபோல் ஆசானையும் சோதியுங்கள். ஒரு வாரம் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளையை அவமானப்படுத்துகிறாரா? அடிபட்டவன் அழுதால் சிரிக்கிறாரா? சீக்கிரம் கறுப்புப் பட்டை வாங்கித் தருகிறேன் என்று காசில் குறியாக இருக்கிறாரா? தொழுகை நேரத்தைப் பற்றியும், ருகூஉபோல் குனியாமல் நம் பிள்ளை வேறு விதமாக மரியாதை செலுத்துவது பற்றியும் முன்பே பணிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பெண் மக்களுக்கும் தற்காப்பு தேவையே. ஆசிரியை கற்பிக்கும் இடமும், மார்க்கம் கூறும் உடையும் அமைந்தால் அவர்களைத் தடுக்க வேண்டாம்.

பொம்மிடித் தகப்பனாரிடம் இவற்றைச் சொல்லி, "சின்னவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் பாய். 'நில்' என்றால் நிற்கிற விளையாட்டை வீட்டிலே விளையாடுங்கள்" என்றோம். "பெரியவன் இனி வேண்டாம்தானே ஹஸ்ரத்?" என்று அவர் கேட்டார்.

"அன்றைக்கு மாப்பு கேட்டது நீங்கள். கேட்க வேண்டியவன் இவன் அல்லவா?" என்றோம்.

பருவம் அடையாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் போன பல் போனதுதான். அந்தப் பிள்ளையின் வலிக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர்கள். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம். தான் செய்தது இன்னது என்று உணர்ந்து, தன் காலால் நடந்து போய், தன் வாயால் மன்னிப்புக் கேட்கிற பிள்ளை, தன் கையை அடக்கத் தொடங்கிவிட்டான் என்று பொருள். அவனை நம்பி வித்தையைக் கொடுக்கலாம்.

சில வாரங்கள் கழித்து அந்தத் தகப்பனார் கடிதம் எழுதியிருந்தார். பெரியவன் மூன்று நாள் தயங்கினானாம். நாலாம் நாள் அஸருக்குப் பிறகு, "நீங்க தெருமுனையிலேயே நில்லுங்கத்தா" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே அந்த வீட்டுக்குள் போனானாம். திரும்பி வரும்போது இரண்டு பையன்களும் சேர்ந்து வந்தார்களாம்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வலிமையையும், அந்தக் கைகளை நிறுத்தும் உள்ளத்தையும் சேர்த்தே அருள்வானாக! ஆமீன்.