உள்ளே இருப்பவனுக்கு அனுப்பும் பணம்

புதுச்சேரி காலாப்பட்டு மத்திய சிறையில் இருக்கும் மகனுக்கு மாதாமாதம் பணம் கட்டும் தாயிடம் அக்கம்பக்கத்தார் கேட்பது ஒன்றுதான்: “தப்பு செஞ்சவனுக்கு எதுக்குக் காசு?” அடித்துக் கேட்பது போலத் தோன்றினாலும் இது பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலில், அவன் தப்பு செய்தவன் என்று யார் முடிவு செய்தது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். சட்டத்தின் கண்ணில் இவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்லர். இவர்களுக்குச் சோப்பும் பற்பசையும் வாங்கப் பணம் அனுப்புவதைக் குற்றத்துக்குத் துணைபோவதாகப் பேசுவது அநியாயம்.

தண்டனை பெற்றவனுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் நிலை. நீதிமன்றம் பறித்தது அவனுடைய சுதந்திரத்தை. மகன், கணவன், அண்ணன் என்ற உறவை அது பறிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் வீட்டிலிருந்து அதே கேள்வி எழும்போது மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். அவர்களுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் கைதியினுடையது. சிறையில் உழைப்பவனுக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவருக்குப் போக வழிசெய்ய வேண்டும் என்று 1998இல் குஜராத் சிறைக் கைதிகளின் கூலி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டு வேலை செய்து தாய் சேர்த்த ஐந்நூறு ரூபாயிலிருந்து அந்தக் கடனை வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை.

விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களுக்கு உதவியவர்களைப் போற்றுகிறோம். ஆனால் அந்த உதவியும் எப்போதும் உடனே சேர்ந்துவிடவில்லை. 1912இல் விடுதலையாகி வறுமையில் இருந்த வ.உ.சி.க்கென்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிய பணம் காந்தியிடம் தங்கிவிட்டது. கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிய பிறகு, 347 ரூபாய் 12 அணா 1916இல்தான் வந்துசேர்ந்தது. கொடுக்கும் மனம் இருந்தால் மட்டும் போதாது, அது உரியவர் கையில் சேர்ந்ததா என்று பார்ப்பதும் கொடுப்பவர் கடமை என்பதை அந்தத் தாமதம் காட்டுகிறது.

காலாப்பட்டில் இந்தக் கடமை இன்னும் கூர்மையானது. சிறைக்குள் செல்போன் பிடிபட்ட செய்தியும், உள்ளிருந்தபடியே வியாபாரிகளை மிரட்டிப் பணம் கேட்டதாக வழக்குப் பதிவான செய்தியும் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. முறைப்படி அனுப்பும் பணம் கைதியின் பெயரில் கணக்கில் ஏறும். கேன்டீனில் செலவழித்தது கழியும். மிச்சம் அவனுக்கே உரியது. “நான் உள்ளே சேர்த்துடறேன்” என்று இடையில் ஒருவர் கை நீட்டினால் அந்தக் கையில் கொடுக்கும் ரூபாய் எந்த ரவுடியின் பலமாக மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாசத்தால் கொடுத்தேன் என்பது அங்கே சமாதானம் ஆகாது.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. பணம் வரும் கைதிக்குப் பக்கத்தில், மனு போட்டுப் பார்க்கக்கூட ஆள் வராத கைதியும் படுத்திருக்கிறான். யானம் ஆந்திரப் பகுதியில், மாஹே கேரளக் கடலோரத்தில் என்று பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டுகள் சேர்ந்தது புதுச்சேரி. அவ்வளவு தொலைவிலிருந்து கூலிவேலையை விட்டு வந்துபோவது எளிதல்ல. ஒருவனிடம் பிஸ்கட்டும் மற்றவனிடம் வெறுங்கையும் இருந்தால், வெறுங்கைக்காரன் துணி துவைத்துக் கொடுத்து அந்த பிஸ்கட்டைச் சம்பாதிக்கும் நிலை வரும். சிறைக்குள்ளும் முதலாளி, வேலைக்காரன் முளைத்துவிடுவார்கள். ஆகவே கேன்டீன் செலவுக்கு உச்சவரம்பு வைப்பது கொடுமை ஆகாது, அது தேவை. சோப்பு, எண்ணெய் போன்ற அன்றாடத் தேவையை எல்லாருக்கும் அரசே குறைவில்லாமல் கொடுத்தால், வீட்டுப் பணத்தின் பாரமும் குறையும். ஏழைக் குடும்பத்தின் பையிலிருந்து சிறையை நடத்துவது அரசுக்கு அழகல்ல.

குடும்பத்திடம் இருப்பதே கொஞ்சம் என்றால் அது முதலில் போகவேண்டிய இடம் ஜாமீன். 1978இல் மோதிராம் வழக்கில் ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவருடைய சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்கவும் இல்லை. அது தவறு என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். பாதி உறவு கடலூரிலும் விழுப்புரத்திலும் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். பணம் கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் உதவ மத்திய அரசு 2023இல் திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறை அதிகாரி சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. மனு போட்டுப் பார்க்கப் போகும் தாய், மகன் கணக்கில் பணம் கட்டிவிட்டுத் திரும்பும் முன், அந்த ஆணையத்துக்குத் தகவல் போனதா என்று ஒரு வார்த்தை கேட்டால் அவள் கட்டிய பணத்தைவிட அது சீக்கிரம் அவனை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடும்.