ஊசியைக் கொடுப்பது உடந்தையாகுமா?

திருமலையில் முடி காணிக்கை செலுத்த வருவோர் கல்யாணகட்டாவில் வரிசையாக அமர்கிறார்கள். நாள்தோறும் பல்லாயிரம் தலைகள் அங்கே மழிக்கப்படுகின்றன. சித்தூரிலிருந்து நடந்தே வந்த விவசாயியும் விமானத்தில் வந்திறங்கிய செல்வந்தரும் ஒரே தரையில் தலை குனிகிறார்கள். நேற்றுவரை எப்படி வாழ்ந்தாய் என்று எவரையும் யாரும் விசாரிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு, அவ்வளவுதான். ஒருவரின் இரத்தம் பட்ட கூர்முனை இன்னொருவரின் தோலைத் தொடக் கூடாது என்னும் எளிய எச்சரிக்கை அதிலுள்ளது. இதை எவரும் குற்றம் சொல்வதில்லை; தர்மம் என்றே கொள்வார்கள்.

போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்பவனுக்கும் இதே எச்சரிக்கை உரியதா? கேள்வி இங்குதான் கடினமாகிறது.

உலகில் அவ்வாறு ஊசி ஏற்றிக்கொள்வோர் ஏறத்தாழ 1.3 கோடிப் பேர் என்று 2023-இல் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கணக்கிட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு ஹெபடைடிஸ் சி, சுமார் எட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. போதைப்பொருளில் இந்த வைரஸ்கள் பிறப்பதில்லை. ஒருவர் பயன்படுத்திய ஊசியை அடுத்தவர் வாங்கிக்கொள்ளும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி இரத்தத்தோடு அவை கைமாறுகின்றன. இந்தியாவில் எச்.ஐ.வி. 1986-இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்த இரத்த மாதிரிகளைச் சோதித்த இடம், சித்தூருக்கு மிக அருகிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சில ஆண்டுகளுக்குள் மணிப்பூரில் ஊசிப் பழக்கமுள்ள இளைஞர்களிடையே அது காட்டுத்தீயாகப் பரவியது. அவர்களோடு நிற்கவில்லை, மனைவியரையும் பிறந்த குழந்தைகளையும் பற்றியது.

புதிய ஊசிகளை இலவசமாகக் கொடுத்தால் இந்தப் பரவல் குறையும் என்பது மருத்துவத் துறையின் அனுபவம். ஆனால் நல்லவர்கள் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். பாத்திரமறிந்து பிச்சையிடு என்று படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். பாவத்திற்குக் கருவி எடுத்துக் கொடுப்பவன் அந்தப் பாவத்தில் பங்காளி அல்லவா என்கிறார்கள். அவன் வினையை அவன் அனுபவிக்கட்டும் என்றும் சிலர் சொல்வதுண்டு.

முதல் ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உடந்தை என்பது மெய்யான குற்றம். எனினும் ஒரு செயலுக்கு உடந்தையாவது, அச்செயல் நடைபெற வேண்டுமென்று விரும்பி உதவும்போதுதான். ஊசி கொடுப்பவரின் சங்கல்பம் அதுவன்று. கொடுக்காவிட்டால் அவன் போதையை விட்டுவிடுவான் என்றால் மறுப்பது நியாயமாகலாம். உண்மையில் அவன் அதை விடுவதில்லை. பழைய ஊசியைத் தேடிப் போகிறான். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1980-களின் தொடக்கத்தில் சிரிஞ்சுகள் கிடைப்பது கடுமையாக ஒடுக்கப்பட்டது. அங்கே ஒரு பொது மருத்துவரின் சிகிச்சையகத்துக்கு வந்த ஹெராயின் பழக்கமுள்ளோரைச் சோதித்து 1986-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஒழுக்கத்தைக் காக்கச் செய்த காரியம் உயிர்களைக் காக்கவில்லை. ஒழுக்கத்தைக் காத்ததாகவும் தெரியவில்லை.

வினைப்பயன் என்ற வாதமோ, கருணையின்மைக்குப் போர்த்திய காவி. சர்க்கரை நோயாளி பத்தியத்தை மீறினார் என்பதற்காக இன்சுலினை மறுக்கும் மருத்துவர் உண்டா? (திருப்பதி லட்டு கைக்கு வந்தபின் பத்தியம் காத்தவர்களை எண்ணிவிடலாம்.) வினையின் கணக்கை எழுதும் பொறுப்பு மனிதனிடம் ஒப்படைக்கப்படவில்லை.

அடிமைப்பட்டவனிடம் அறவுணர்வே மிஞ்சியிருக்காது என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மருந்துக்கடைக்காரர் இவர்களுக்குச் சிரிஞ்சு விற்பதை நிறுத்தியபோது, ஹெபடைடிஸ் பி பரவுமே என்று அஞ்சி 1984-இல் ஊசி மாற்றும் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர்கள் போதைக்கு அடிமைப்பட்டவர்களின் சங்கத்தினரே. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவன் தோழனைக் காக்க நினைத்திருக்கிறான்.

இந்தியாவில் 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நோய் அபாயத்தைக் குறைக்கத் தூய ஊசி வழங்குவதைக் குற்றமாகக் கருதுவதில்லை. சட்டம் வழிவிட்டாலும் ஒரு தாயின் மனம் அவ்வளவு விரைவில் வழிவிடாது. தன் மகன் கையில் புதிய ஊசியைப் பார்க்கும் தாயிடம் புள்ளிவிவரம் பேச முடியாது. அவளுக்கு வேண்டியது மகன் விடுபடுவது. ஊசி மட்டும் அவனை விடுவிக்காது என்பதில் அவள் சொல்வதே சரி. ஊசியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது சேவையின் பாதிகூட ஆகாது. நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை ஊசியின் தேவையைத் தணிக்கிறது. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமடைகிறார்கள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அது இலவசம். இவையெல்லாம் அவன் ஒரு வாசலுக்கு வந்து நின்றால்தான் கிடைக்கும். போதையை விட்டுவிட்டு வா என்று எழுதிய வாசலில் அவன் நிற்பதில்லை. புதிய ஊசி கிடைக்கும் வாசலுக்கு வருகிறான். வந்தவனிடம் பெயரைக் கேட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்து, இரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைக்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.