குகையின் உரிமை

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஹனுமனஹள்ளி என்னும் சிற்றூரை அடுத்த குன்றுகளில், கருங்கல்லுக்காக வைக்கப்பட்ட வெடிகள், உலகில் வேறெங்கும் இருப்பதாக அறியப்படாத ஒரு வௌவால் இனத்தின் ஒரே குகையை அச்சுறுத்தின என்ற செய்தி, தர்மத்தில் நாட்டமுடைய எவரையும் கலங்கச் செய்வதாகும். மனிதனின் ஆதாயத்துக்காக ஓர் உயிரினத்தைப் பூண்டோடு ஒழிப்பது அநியாயம்; இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

கோலார் இலைமூக்கு வௌவாலைத் தனி இனமென்று விஞ்ஞானிகள் கண்டது 1994-இல்தான். முன்பு அருகிலுள்ள தேரஹள்ளியிலும் இருந்த அது, அங்கே அற்றுப்போய், இன்று 200-க்கும் குறைவான எண்ணிக்கையில் இந்த ஒரு குகையில் ஒண்டியிருக்கிறது. இலைபோல் மடிந்த மூக்கின் வழியே, நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, இருளில் பூச்சிகளைத் தேடி உண்ணும் இந்த ஜீவனின் குடும்பத்தில், தாய் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈன்று, அதை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு காக்கிறது. இத்தனை மெதுவாகப் பெருகும் குலம், ஒருமுறை குலைந்தால் மீண்டும் தலையெடுப்பது அரிது.

பல உயிர்களையும் பேணுவதைக் கொல்லாமை அதிகாரத்திலே தலையாய அறமாக வைத்தார் வள்ளுவர். படர வழியற்ற முல்லைக்குத் தேரை ஈந்தான் பாரி; மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன்; கன்றை இழந்த பசுவின் துயருக்காகத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான் சோழன். மாமரக் கிளையில் தொங்கித் துயிலும் வாவல் (வௌவால்), அழிசி என்பானது காட்டிலுள்ள நெல்லியின் புளிப்பைக் கனவு காண்பதாக நற்றிணைப் புலவர் பாடினார். அற்பமென்று பிறர் ஒதுக்கும் பிராணிக்கும் ஆசையும் கனவும் உண்டென்று உணர்ந்த நெஞ்சம் அது! வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் மரபில் வந்தோர், கல்லின் விலையைக் கணக்கிட்டு மௌனம் சாதிப்பது தகுமா?

கல்லுடைப்போரின் ஜீவனம் என்னாகும் என்பர். அவர்கள் பசியும் பசியே. அவர்களுக்கு வேறு தொழில் தேடித் தருவது அரசின் கடன். ஆனால் கருங்கல் பல குன்றுகளில் கிடைக்கும். இந்த வௌவாலோ வேறெந்தக் குகையிலும் கிடைக்காது.

குகையைச் சுற்றி 30 ஏக்கர் நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசு அறிவித்தது நற்செயல். எனினும், வெடியின் அதிர்வு எல்லைக் கல்லோடு நின்றுவிடுவதில்லையாதலால், அண்டைக் குன்றுகளிலும் குவாரி உரிமம் வழங்குவதை நிறுத்துமாறு கோலார் மக்கள் கோரவும், அதைக் கர்நாடக அரசு நிறைவேற்றவும் முன்வர வேண்டும்.